அப்பாவின் நாற்காலி: நார்மன் லியரை முன்வைத்து

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு பழைய நாற்காலி உண்டு. உறை நைந்து கைப்பிடி தேய்ந்த அந்த நாற்காலி, பழம்பொருட்களை விற்கும் ஒரு கடையில் சில டாலர்களுக்கு வாங்கப்பட்டது. அதில் எந்த ஜனாதிபதியும் அமர்ந்ததில்லை, எந்த ஒப்பந்தமும் கையெழுத்தானதில்லை. ஆர்ச்சி பங்கர் என்ற, இவ்வுலகில் ஒருநாளும் வாழ்ந்திராத ஒரு மனிதன் அமர்ந்த நாற்காலி அது. ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் அரங்கப் பொருளாக இருந்து 1978-இல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

அந்தத் தொடரை உருவாக்கிய எழுத்தாளரும் தயாரிப்பாளருமான நார்மன் லியர் 2023 டிசம்பர் 5 அன்று, 101 வயதில் மறைந்தார். இறந்தபின் வந்த கட்டுரைகளில் நான் வாசித்தவை பெரும்பாலும் ஒரே சுருதியில் இருந்தன: துணிச்சல்காரர், பேசக்கூடாததைப் பேசவைத்தவர், அமெரிக்க வரவேற்பறையை மாற்றியவர். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் லியரின்மீது அவர் காலத்திலேயே வைக்கப்பட்ட மிகக் கூர்மையான குற்றச்சாட்டை இந்தப் புகழுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்தக் குற்றச்சாட்டைப் பொருட்படுத்தாமல் லியரை மதிப்பிட முடியாது என்பது என் எண்ணம். அதற்கு அவரே சொல்லிவந்த பதிலும் தவறு என்று நினைக்கிறேன். சரியான பதில் அவருடைய படைப்பிலேயே வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு இன்னொரு நாற்காலியிலிருந்து தொடங்கவேண்டும்.

லியர் 1922-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஹெர்மன் வாய்ச்சொல் வணிகர். இன்னும் பத்து நாளில் லட்சாதிபதி ஆகிவிடுவதாக எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவர். லியருக்கு ஒன்பது வயதானபோது போலிப் பத்திரங்களை விற்ற குற்றத்துக்காக அவர் கைதாகிச் சிறைக்குச் சென்றார். வீட்டுச் சாமான்கள் விலைக்குப் போயின. அப்பா அமர்ந்து வானொலி கேட்கும் சிவப்புத் தோல் நாற்காலியையும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது ஒருவர் சிறுவனின் தோளில் கைவைத்து, இனி இந்த வீட்டின் ஆண்மகன் நீதான் என்றாராம். அந்தக் கணத்தின் அபத்தம் தனக்கு உறைத்தது என்றும், மனித மடமையில் உள்ள வேடிக்கையைத் தான் கண்டுகொண்டது அங்கேதான் என்றும் லியர் கடைசிவரை சொல்லிவந்தார். 2014-இல் வெளியான தன்வரலாற்றிலும் இதை எழுதியிருக்கிறார்.

அப்பா இல்லாத அந்த ஆண்டுகளில் உறவினர் வீடுகளில் வளர்ந்தார். தானே ஒட்டவைத்த ஒரு படிக வானொலிப் பெட்டியில் காஃப்லின் என்ற பாதிரியாரின் யூத வெறுப்புப் பேச்சை எதேச்சையாகக் கேட்டு நடுங்கியதும் அந்த வயதில்தான். வெறுப்பு தன்மீதே பாயும் என்பதை அறிந்த ஒரு சிறுவன், சிறையிலிருந்து திரும்பிய அப்பாவின் வாயிலும் பிற இனத்தவரைப் பற்றிய இளக்காரத்தைக் கேட்டான். மகனை ஏசும்போது, தான் பார்த்ததிலேயே படுசோம்பேறியான வெள்ளைக்காரப் பையன் நீதான் என்பாராம் ஹெர்மன். என்னைச் சோம்பேறி என்பதற்கு ஓர் இனத்தையே ஏன் இழுக்கிறீர்கள் என்று மகன் கேட்டால், படுமுட்டாளான வெள்ளைக்காரப் பையனும் நீதான் என்று பதில் வரும். அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அடங்கிக் கிட என்று ஒரு சொல். அந்தச் சொல்லைத்தான் பின்னால் ஆர்ச்சி பங்கர் தன் மனைவி ஈடித்திடம் வாரந்தோறும் சொன்னான்.

இடைப்பட்ட வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடலாம். பாஸ்டனில் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு 1942-இல் விமானப்படையில் சேர்ந்தார். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் வானொலி இயக்குநராக, இத்தாலியிலிருந்து 52 முறை போர்ப் பறத்தல். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ். எட் சிம்மன்ஸ் என்ற நண்பருடன் பகலில் வீடுவீடாகப் பொருள் விற்றுக்கொண்டே எழுதத் தொடங்கி, 1950-களில் டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் இணைக்குத் தொலைக்காட்சியில் எழுதினார். பட் யார்க்கினுடன் சேர்ந்து சொந்த நிறுவனம். ‘டைவர்ஸ் அமெரிக்கன் ஸ்டைல்’ (1967) படத்தின் திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. நாற்பத்தைந்து வயதில் அவர் தேர்ந்த ஒரு தொழில்முறை எழுத்தாளர், அவ்வளவுதான். அங்கேயே நின்றிருந்தால் நாம் இன்று அவரைப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

அப்போது பிரிட்டனில் ஜானி ஸ்பெய்ட் எழுதிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற பி.பி.சி. தொடரைப் பற்றிய ஒரு செய்தியை லியர் வாசிக்கிறார். இனவெறியும் வாய்த்துடுக்கும் கொண்ட ஒரு தொழிலாளி வர்க்கத்து மாமனார், இடதுசாரி மருமகன், இருவரும் ஒரே வீட்டில். அது தன் அப்பாவும் தானும்தான் என்று லியருக்குத் தோன்றியது. ஏ.பி.சி. நிறுவனத்துக்காக 1968, 1969 ஆண்டுகளில் இரண்டு முன்னோட்டப் பகுதிகள் எடுத்தார். அவர்கள் அஞ்சி ஒதுக்கினார்கள். சி.பி.எஸ். எடுத்துக்கொண்டது. 1971 ஜனவரி 12 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானபோது, இது நம் பலவீனங்களையும் முன்முடிவுகளையும் சிரித்துப் பார்க்கும் முயற்சி என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை அட்டையை முன்னால் காட்டினார்கள். கண்டனத் தொலைபேசிகள் குவியும் என்று கூடுதல் ஆட்களையும் அமர்த்தியிருந்தார்கள். பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

அந்த முதல் பகுதிக்காக நடந்த சண்டை சுவையானது. தேவாலயத்திலிருந்து முன்னதாகவே திரும்பிவிட்ட ஆர்ச்சி, மகளும் மருமகனும் படுக்கையறைக்குப் போகவிருந்ததை ஊகித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கா என்று வியக்கிறான். கேட்கும்போது நம் மனத்தில் படம் ஓடிவிடுகிறது என்பதால் அந்த ஒரு வரியை நீக்கச் சொன்னார்கள் தணிக்கைக்காரர்கள். நீக்கினால் நான் விலகிக்கொள்கிறேன் என்றார் லியர். வரி நின்றது. இவ்வளவு சிறிய விஷயத்துக்கா என்று கேட்கலாம். சிறிய விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் பெரிய விஷயத்துக்கு நிற்க இடமிருக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதன்பின் நடந்தது வரலாறு. 1971 முதல் 1976 வரை ஐந்து பருவங்கள் தொடர்ச்சியாக அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுவே. 1974-75 பருவத்தில் முதல் ஒன்பது இடங்களில் ஐந்து லியரின் தொடர்களுக்குப் போயின. ‘மாட்’ தொடரில் 47 வயதுப் பெண் ஒருத்தி கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். சூசன் ஹாரிஸ் எழுதிய அந்த இரு பகுதிகள் வந்தது 1972 நவம்பரில். கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய தீர்ப்பு வந்தது 1973 ஜனவரியில். (அத்தீர்ப்பே 2022-இல் கவிழ்க்கப்பட்டுவிட்டது. ஒரு நகைச்சுவைத் தொடர் மறுபடியும் சட்டத்துக்கு முன்னால் போய் நிற்கும் விந்தை!) இத்தொடர்கள் பார்வையாளர்கள் முன்னிலையில், நாடகம்போல் நிகழ்த்தப்பட்டுப் பதிவாயின. சிரிப்பு அங்கே அமர்ந்திருந்தவர்களுடையது. சிரிப்பு எழாத இடத்தின் மௌனமும் அவர்களுடையதே.

இனி அந்தக் குற்றச்சாட்டு. 1971 செப்டம்பரில் நாவலாசிரியை லாரா ஹாப்சன் நியூயார்க் டைம்ஸில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். யூத வெறுப்பைப் பற்றி 1947-இல் வந்த ‘ஜென்டில்மென்ஸ் அக்ரிமென்ட்’ நாவலின் ஆசிரியர் அவர். விஷயம் அறியாதவர் அல்லர். அவர் கேட்டது இது: ஆர்ச்சி யூதர்களையும் கறுப்பர்களையும் இழித்துச் சொல்லும் சொற்களைப் பாருங்கள். அவையெல்லாம் இரண்டாம்தர வசைகள். உண்மையான ஆர்ச்சிகள் வீட்டில் புழங்கும் கொடிய வசைச்சொற்கள் அவன் வாயில் வருவதே இல்லை. அழுக்கை அலசி, வாசனை தெளித்து, வெறுப்பை ஒரு செல்லப்பிராணியாக்கிவிட்டீர்கள். இனவெறியனை நேசிக்கத்தக்கவனாக்குவது இனவெறியை நேசிக்கத்தக்கதாக்குவது ஆகாதா?

லியர் அடுத்த மாதமே அதே இதழில் பதில் எழுதினார். பின்னாளிலும் அவர் தரப்பு இவ்வகையில் அமைந்தது: இனவெறியர்கள் எல்லாரும் கொடூரர்கள் அல்லர், என் அப்பாவைப் போன்ற அன்பானவர்களும் உண்டு. மேலும் வாதத்தில் இறுதியாக ஆர்ச்சி தோற்றே போகிறான், அவனுடைய அசட்டுத்தனம்தான் வெளிப்படுகிறது.

பின்பாதியை நிகழ்வுகள் பொய்யாக்கின. 1972 தேர்தல் ஆண்டில் ஆர்ச்சியை ஜனாதிபதியாக்கச் சொல்லும் பனியன்களும் சட்டை வில்லைகளும் விற்றுத் தீர்ந்தன. வேடிக்கைக்காக அணிந்தவர்கள் பலர். வேடிக்கைக்காக அல்லாமலும் அணிந்தார்கள். 1974-இல் நீல் விட்மாரும் மில்டன் ரோகீச்சும் அமெரிக்க, கனடியப் பார்வையாளர்களிடையே செய்த ஆய்வு இன்னும் கூர்மையாகச் சொன்னது. முன்முடிவு மிகுந்தவர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள். பேச்சில் அவன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்றார்கள். மருமகன் மைக் தோற்பதாகவே அவர்களுக்குப் பட்டது. ஒரே காட்சியைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தவர்கள் இரண்டு வெவ்வேறு நகைச்சுவைகளுக்குச் சிரித்திருக்கிறார்கள்.

தமிழ் படித்த எனக்கு இது புதிய செய்தியாகத் தோன்றவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகையை முதலில் வைத்து அது பிறக்கும் களன்கள் நான்கு என்கிறார், எள்ளல் அதில் முதலாவது. உரைகண்ட பேராசிரியர் எள்ளலையே இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரைத் தான் இகழ்ந்து சிரிப்பது, தன்னைப் பிறர் இகழத் தான் சிரிப்பது. ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்தும்போது இரண்டாவதை மாணவர்கள் எளிதில் ஏற்பதில்லை. இகழப்பட்டவன் எதற்குச் சிரிக்கவேண்டும் என்பார்கள். ஆர்ச்சியைப் பார்த்த ஆர்ச்சிகள் சிரித்ததை அவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. தான் இகழப்படுவதை அறிந்தும் சிரித்தவர் உண்டு, அறியாமலே சிரித்தவரும் உண்டு. சிரிப்பொலியில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

எள்ளலை எள்ளலாகவே எடுத்துக்கொண்டு எரிச்சலடைந்தவரும் ஒருவர் இருந்தார். 1971 மே மாதம் வெள்ளை மாளிகையில் பதிவான ஒலிநாடாவில் ஜனாதிபதி நிக்சன் இத்தொடரைப் பற்றி அங்கலாய்க்கிறார். ஆர்ச்சியின் நண்பனான, முன்னாள் கால்பந்தாட்ட வீரன் ஒருவன் தன்பாலின விருப்பமுள்ளவன் என்று தெரியவரும் பகுதி அது. நல்லதோர் உழைப்பாளி மனிதனைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்பது நிக்சனின் மனக்குறை. ஆக, ஹாப்சனுக்கு ஆர்ச்சி அளவுக்கு மீறி நல்லவன். நிக்சனுக்கு அவன் அநியாயமாக இழிவுபடுத்தப்பட்ட நல்லவன். நிக்சனின் எரிச்சலை லியருக்கான நற்சான்றிதழாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரி கோபப்பட்டான் என்பதால் மட்டும் ஒரு படைப்பு தன் வேலையைச் செய்துவிட்டதாகாது.

ஆகவே ஹாப்சன் சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. இத்தொடர் இனவெறியர்களைத் திருத்தவில்லை. சிலருக்கு ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் கொடிய வசைச்சொற்களைச் சேர்த்து ஆர்ச்சியை அருவருக்கத்தக்கவனாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப்பார்க்கிறேன். பார்ப்பவர் எல்லாருக்கும் நிம்மதி கிடைத்திருக்கும். அவன் வேறு, நாம் வேறு என்று அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்குத் தமிழில் ருசி உண்டாக்கியவர் என் பெரியப்பா. கம்பனை ராகம்போட்டுச் சொல்வார். கல்லூரியில் எனக்கு முதல் பருவக் கட்டணம் கட்டியவரும் அவரே. தன் வயலில் நாற்பது வருடம் பாடுபட்ட மனிதரைத் திண்ணையில் ஒருநாளும் உட்காரச் சொல்லாதவரும் அவரே. அவருக்கு மோருக்கென்று ஒரு தனிக் குவளை கொல்லைப்புறத்துச் சுவர்ப்பிறையில் கவிழ்த்து வைத்திருக்கும். எம்.ஏ. படித்துவிட்டு வந்த திமிரில் ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். பெரியப்பா கோபப்படவில்லை, சிரித்தார். ‘படிச்சவன் இல்லியா, கேக்கத்தான் செய்வே’ என்றார். மறுநாளும் குவளை அதே பிறையில்தான் இருந்தது. அவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் இறந்தபோது அழுதேன். குவளையை எடுத்து எறிந்தேனா என்றால், இல்லை.

ஆர்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வருகிறது. லியர் அமெரிக்காவுக்குச் சொன்னது இனவெறி தவறு என்பதை அல்ல; அதைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். தவறானவன் நமக்கு வேண்டியவனாகவும் இருப்பான், அப்போது என்ன செய்வாய் என்பதே அவர் கேட்டது. இந்தக் கேள்வியை நேசிக்கத்தக்க ஓர் ஆர்ச்சியைக் கொண்டுதான் கேட்க முடியும். ஹாப்சன் குறையென்று கண்டதே இத்தொடரின் முதல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கேரல் ஓ’கானர் என்ற நடிகருக்கு இதில் பெரும் பங்குண்டு. நிஜத்தில் முற்போக்காளரான அவர் லியரோடு ஓயாமல் சண்டையிட்டார். மின்தூக்கியில் சிக்கிக்கொள்ளும் பகுதியை (1972) நடிக்கவே மாட்டேன் என்று முரண்டுபிடித்தார். ஒரு கறுப்பினக் கனவான், ஒரு போர்ட்டோ ரீக்கக் கணவனும் நிறைமாத மனைவியும், ஆர்ச்சி. நின்றுபோன மின்தூக்கியில் பிரசவம் நிகழ்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஆர்ச்சியின் காதில் குழந்தையின் முதல் அழுகை விழுகிறது. அந்த முகத்தில் ஒன்று மெல்ல அவிழ்கிறது. வசனம் எதுவும் இல்லை. அவன் மாறிவிட்டான் என்று நம்பவும் இடமில்லை, அடுத்த வாரம் அதே ஆர்ச்சிதான் வருவான்.

லியரின் உண்மையான சறுக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தன் அப்பாவை எழுதியபோது அவர் கை நடுங்கவில்லை. அடுத்தவரின் அப்பாவை எழுதப்போனபோது நடுங்கியிருக்கவேண்டும். ‘குட் டைம்ஸ்’ (1974) சிகாகோவின் ஏழ்மைக் குடியிருப்பில் வாழும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. உருவாக்கியவர்களாகப் பெயர் போடப்பட்ட எரிக் மாண்ட்டே, மைக் எவன்ஸ் இருவரும் கறுப்பினத்தவர்களே. ஆனால் கடைசிச் சொல் லியரின் அலுவலகத்தில் இருந்தது. முதலில் அந்தக் குடும்பத்தில் தந்தையே இல்லை. கணவன் வேண்டும் என்று வற்புறுத்திப் பெற்றவர் தாயாக நடித்த எஸ்தர் ரோல். பிறகு மூத்த மகன் ஜே.ஜே.யின் கோமாளித்தனத்துக்குச் சிரிப்பு கூடக்கூடத் தொடர் அவன் பின்னாலேயே ஓடியது. அவன் எகிறிக் குதித்து ஒரே சொல்லைக் கத்துவதற்காகக் கூட்டம் காத்திருந்தது. படிப்பில் கெட்டிக்காரர்களான மற்ற இரு பிள்ளைகளும் ஓரங்கட்டப்பட்டார்கள். ரோலும் தந்தையாக நடித்த ஜான் ஏமஸும் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். விளைவு, 1976-இல் ஏமஸ் நீக்கப்பட்டார். அவருடைய பாத்திரத்தை ஒரு விபத்தில் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ரோலும் விலகினார். போராடிப் பெற்ற தந்தையை இப்படி இழந்தது அந்தக் குடும்பம்.

கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர்கள் சிலர் தன் அலுவலகத்துக்கே வந்து, கறுப்பன் என்றால் மூன்று வேலை பார்த்தும் வறுமையில்தான் உழலவேண்டுமா என்று கத்தியதை லியரே பலமுறை சொல்லியிருக்கிறார். சலவைக் கடைகள் வைத்து முன்னேறிய ஒரு கறுப்பின முதலாளியின் கதையான ‘த ஜெஃபர்சன்ஸ்’ (1975) அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததாம். பத்தாண்டு ஓடியது. கேட்கத் தெரிந்தவர் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். கேட்டார்தான். வெளியிலிருந்து வந்து கத்தியவர்களுக்குக் கொடுத்த செவியைத் தன் அரங்கத்திலேயே நின்ற ஏமஸுக்குக் கொடுக்கவில்லையே என்பது என் வருத்தம்.

பிற்காலம் செயற்பாட்டாளரின் காலம். 1981-இல் தொலைக்காட்சிப் போதகர்களின் அரசியலுக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2000-இல் சுதந்திரப் பிரகடனத்தின் மூல அச்சுப்படி ஒன்றைக் கூட்டாக 81 லட்சம் டாலருக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டினார். நல்ல காரியங்கள். கலைஞனாக அவர் அதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார் என்றே படுகிறது. 1984-இல் தொலைக்காட்சிக் கழகம் தன் பெருமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்த ஏழு பேரில் தானும் ஒருவன் என்று அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாராம். அவர்களுக்கு அப்படித் தோன்றினால் நான் என்ன சொல்ல முடியும் என்றாராம் அம்மா. எந்த எழுத்தாளர் குழுவாலும் எழுத முடியாத வசனம்.

லியர் சொல்லியிருக்கவேண்டிய பதில் ‘ஆல் இன் த ஃபேமிலி’யின் எட்டாவது பருவத்தில், 1978 தொடக்கத்தில் வந்த ஒரு பகுதியில் இருக்கிறது. அப்போது அவர் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார், அதை எழுதியது அவர் கை அல்ல. ஆனால் அவர் வகுத்த மனிதர்களுக்கே அது சாத்தியம். ஆர்ச்சியும் மைக்கும் மதுக்கடையின் சரக்கறையில் இரவு முழுக்க அடைபட்டுவிடுகிறார்கள். குளிருக்குக் குடிக்கிறார்கள். போதையில் ஆர்ச்சி பேசத் தொடங்குகிறான். பஞ்ச காலத்தில், ஒரு காலில் ஷூவும் மறுகாலில் பூட்ஸும் அணிந்து பள்ளிக்குப் போனான். பிள்ளைகள் அவனை ‘ஷூபூட்டி’ என்று அழைத்துக் கேலிசெய்தார்கள். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறான். அவர்தான் அவனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார், பிற இனத்தவரைப் பற்றிய எல்லாவற்றையும். உன் அப்பா சொன்னது தவறு என்கிறான் மைக். ஆர்ச்சிக்கு அது விளங்கவே இல்லை. தன்னை நேசித்தவர், தனக்காக உழைத்துத் தேய்ந்தவர், கைப்பிடித்து நடத்திச் சென்றவர் தவறாக எதையும் எப்படிச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? அந்தக் கையே அவனை அடித்ததையும், நல்லது கற்பிப்பதற்காக அவர் தன்னை ஓர் அலமாரி அறைக்குள் மணிக்கணக்கில் பூட்டிவைத்ததையும் அன்பின் சான்றாகவே அவன் அடுக்குகிறான்.

அரங்கில் சிரிப்பு நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டே ஆர்ச்சி தூங்கிப்போகிறான். எட்டுப் பருவங்களாக ஒவ்வொரு வாரமும் அவனோடு சண்டையிட்டு வந்த மருமகன், கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டு, ஷூபூட்டி என்று அந்தப் பெயரைச் சொல்லி இரவு வணக்கம் சொல்கிறான்.